லென்ஸை அப்புறம் பாக்கலாம், முதல்ல சீலிங்கைப் பாருங்க

சொந்தக்காரங்க மத்தியில "அவன்கிட்ட நல்ல கேமரா இருக்கு"ன்னு ஒரு பேர் கிளம்பிடுச்சுன்னா, அப்புறம் வர்ற பர்த்டே அழைப்பு எல்லாத்துக்கும் ஒரு வால் இருக்கும், "கண்டிப்பா வந்துடுங்க, அப்படியே கேமராவையும் எடுத்துட்டு வந்துடுங்க"ன்னு. அது கூட பரவாயில்ல. இப்ப வீட்டுக்கு வீடு ஒரு கேமரா வாங்கிட்டாங்க, அதனால அழைப்புக்கு பதிலா சந்தேகம் வர ஆரம்பிச்சிருக்கு. போன வாரம் சித்தப்பா பையன் வாட்ஸப்ல கேக்கறான், "அண்ணா, பாப்பாவுக்கு முதல் பர்த்டே வருது, 85 எம்எம் 1.8 லென்ஸ் வாங்கிடட்டுமா, யூடியூப்ல எல்லாரும் அதுல எடுத்தா பின்னாடி சும்மா வெண்ணெய் மாதிரி கரையுதுன்னு சொல்றாங்க".

நான் கேட்டேன், ஃபங்ஷன் எங்கடான்னு. சென்னை வேளச்சேரில அவங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் ஹாலாம். சரி, அந்த ஹால் சீலிங் என்ன கலர், எவ்ளோ உயரம்னு கேட்டேன். "என்னண்ணா, நான் லென்ஸ் கேட்டா நீங்க சீலிங் கேக்கறீங்க"ன்னு ஒரு சிரிக்கிற பொம்மை போட்டுட்டு போய்ட்டான். குழந்தைங்க பர்த்டேல போட்டோ எடுக்க லென்ஸ் முக்கியமா ஃபிளாஷ் முக்கியமான்னு அவனுக்கு போன்ல சொன்னது பாதி, சொல்லாம விட்டது பாதி, ரெண்டையும் இங்க எழுதி வச்சிடறேன், இனிமே யார் கேட்டாலும் லிங்க் அனுப்பிடலாம்.

முதல்ல பிரச்சனை என்னன்னு பாப்போம். ட்யூப்லைட் எல்லாம் போட்டு வச்ச ஹால் நம்ம கண்ணுக்கு நல்லா வெளிச்சமாத்தான் தெரியும், ஆனா கேமராவுக்கு அது கிட்டத்தட்ட இருட்டு. கேமராவோட கூட வர்ற 18-55 எம்எம் கிட் லென்ஸை (எம்எம் கூடக்கூட தூரத்துல இருக்கிறது கிட்ட தெரியும்) முழுசா ஜூம் பண்ணி 55ல வச்சீங்கன்னா அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் உள்ள வர்ற ஓட்டை, எஃப் 5.6க்கு மேல திறக்காது (இந்த நம்பர் குறையக் குறைய ஓட்டை பெருசு), சாதாரண வீட்டு வெளிச்சத்துல கேமராவோட வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600 வச்சாலும் ஷட்டர் திறந்திருக்கிற நேரம் 1/20, 1/30 செகண்டுன்னு தான் வரும். சும்மா உக்காந்திருக்கிற பாட்டியை எடுக்க அது போதும். ரெண்டு வயசுப் பையன் கேக்கைப் பாத்து ஓடி வர்றதை எடுக்கணும்னா 1/250 ஆவது வேணும், சோஃபால இருந்து குதிக்கிறவனா இருந்தா 1/500. இல்லன்னா முகத்துக்கு பதிலா ஒரு கலர் கோடு தான் கிடைக்கும்.

இங்க தான் எல்லாரும் "அப்ப பெரிய அபெர்ச்சர் லென்ஸ் வாங்கு"ன்னு சொல்றாங்க. கணக்கு சரிதான். எஃப் 5.6ல இருந்து 1.8க்கு வந்தா சுமார் பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வருது, அதே ஐஎஸ்ஓல ஷட்டர் 1/200 கிட்ட வந்துடும். ஆனா அதுக்கு ரெண்டு இடத்துல விலை குடுக்கணும், அதை யூடியூப்ல அவ்வளவா சொல்றதில்ல.

ஒண்ணு, ஃபோகஸ். 50 எம்எம் லென்ஸை ஏபிஎஸ்-சின்னு சொல்ற சின்ன சென்சார் கேமராவுல போட்டு, அஞ்சு அடி தூரத்துல இருக்கிற குழந்தையை 1.8ல எடுத்தீங்கன்னா, முன்னும் பின்னுமா சேத்து ஒரு ஆறு ஏழு சென்டிமீட்டர் தான் ஷார்ப்பா இருக்கும். குழந்தை மூக்குல இருந்து காது வரைக்குமே அதை விட அதிகம். ஒரே குழந்தை, சும்மா நிக்குது, கண்ணுல ஃபோகஸ் விழுந்துடுச்சுன்னா பிரமாதமா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா பர்த்டேல யாரு தனியா நிக்கறா? அம்மா மடியில குழந்தை, பக்கத்துல அப்பா, தோள் வழியா எட்டிப் பாக்கிற அக்கா, நாலு மூஞ்சி நாலு தூரத்துல. அதுல ஒண்ணு ஷார்ப், மிச்சம் மூணும் கலங்கல். அப்புறம் "எங்க அம்மா மூஞ்சி ஏன் தெளிவா இல்ல"ன்னு கேள்வி வரும், நீங்க பின்னணி கலங்குறதுக்குப் பேரு பொக்கேன்னு விளக்கம் சொல்லிட்டு நிக்கணும்.

ரெண்டாவது தான் பெரிய விஷயம். பெரிய அபெர்ச்சர் நிறைய வெளிச்சம் வாங்கும், ஆனா நல்ல வெளிச்சத்தை வாங்காது, அங்க என்ன இருக்கோ அதை அப்படியே அள்ளிட்டு வரும். நம்ம ஊரு ஹால்ல என்ன இருக்கும்? நடுவுல 6500 கெல்வின் வெள்ளை எல்இடி, ஓரத்துல ஃபால்ஸ் சீலிங்குள்ள 3000 கெல்வின் மஞ்சள் லைட்டு, ஸ்டேஜ் பக்கம் டெக்கரேஷன்காரர் வச்ச ஊதா கலர் பார் லைட்டு. ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள், நெத்தி ஊதா. போதாக்குறைக்கு எல்லா லைட்டும் தலைக்கு நேரா மேல இருக்கும், அதனால கண்ணு இருக்கிற குழி கறுப்பா விழுந்து, ஒரு வயசுக் குழந்தை ராத்திரி ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்த மாதிரி தெரியும். இதை கேமரால கலரைச் சரி பண்ற எந்த வொய்ட் பேலன்ஸாலயும் சரி பண்ண முடியாது, ஏன்னா ஒரு மூஞ்சியிலயே மூணு கலர் லைட் இருக்கு. அறுபதாயிரம் ரூபா லென்ஸ் போட்டாலும் அதே தான்.

அதனால என் அபிப்ராயம், கையில இருக்கிற காசு ஒண்ணுக்குத் தான் பத்தும்னா முதல்ல ஃபிளாஷ் வாங்குங்க. கேமரா மேல தனியா மாட்டற, அதோட தலைப்பகுதி மேலயும் பக்கவாட்டுலயும் திரும்புற ஃபிளாஷ். கேமராலயே டப்புன்னு எந்திரிச்சு நிக்குமே குட்டி ஃபிளாஷ், அது இல்ல.

ஏன் திரும்பணும்னா, நேரா மூஞ்சில அடிக்கிற ஃபிளாஷ் நம்ம ஊரு பர்த்டேக்கு சுத்தமா ஆகாது. யோசிச்சுப் பாருங்க, முதல் பர்த்டேன்னா நிறைய வீட்டுல அப்பத்தான் கோயில்ல மொட்டை போட்டு சந்தனம் தடவி வச்சிருப்பாங்க. அந்த மொட்டைத் தலையில நேர் ஃபிளாஷ் விழுந்தா நடு உச்சியில ஒரு வெள்ளை வட்டம், சந்தனக் கலரே போய்டும். பட்டுப்பாவாடையா, ஜரிகை மொத்தமும் வெள்ளைக் கோடாயிடும், அத்தனை விலை குடுத்து வாங்குன பார்டர் டிசைன் போட்டோல இருக்காது. கேக் டேபிளுக்குப் பின்னாடி தொங்க விடறாங்களே ஜிகினா கர்ட்டன், பாரிஸ் கார்னர் பக்கம் கட்டு கட்டா விக்கிறது, அது நேர் ஃபிளாஷுக்கு கண்ணாடி மாதிரி, ஒவ்வொரு இழையும் திருப்பி உங்க லென்ஸுக்குள்ளயே அடிக்கும். வேர்வைல மினுமினுக்கிற மூஞ்சி, சுவத்துல பின்னாடி விழற கறுப்பு நிழல், சிவப்புக் கண்ணு, இதெல்லாம் சொல்லவே வேணாம்.

அதே ஃபிளாஷை மேல திருப்பி சீலிங்ல அடிச்சீங்கன்னா கதையே வேற. வெளிச்சம் போய் சீலிங்ல பரவி அங்கேருந்து கீழ வரும்போது, ஒரு தம்மாத்துண்டு ஃபிளாஷ் பத்துக்குப் பத்து அடி வெள்ளை ஜன்னலா மாறிடுது. நிழல் மெத்துனு விழும், ஜரிகை ஜரிகையாத் தெரியும், மொட்டையில சந்தனம் சந்தனமா இருக்கும். இதுக்குத் தான் சீலிங் என்ன கலர்னு கேட்டேன். வெள்ளையா, எட்டுல இருந்து பன்னெண்டு அடிக்குள்ள இருந்தா நீங்க ராஜா, நம்ம ஊரு ஃபிளாட்டுங்க முக்காவாசி அந்த உயரம் தான்.

எங்கல்லாம் இது வேலை செய்யாதுன்னு தெரிஞ்சு வச்சுக்கணும். ரெஸ்டாரண்ட்டுல பார்ட்டி ஹால்னா மேல கறுப்பு பெயின்ட் அடிச்சு ஏசி குழாய் எல்லாம் வெளிய தெரியற மாதிரி விட்டிருப்பாங்க, அதுல அடிச்சா வெளிச்சம் அங்கயே போய்ச் சேந்துடும், திரும்பி வராது. மர சீலிங்னா மூஞ்சி ஆரஞ்சாகும். பெரிய கல்யாண மண்டபம்னா சீலிங் இருபது அடிக்கு மேல, போய்த் திரும்பி வர்றதுக்குள்ள வெளிச்சம் தீந்துடும். அப்புறம் நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு, ஹீலியம் பலூன். கூரை பூரா பிங்க் பலூன் விட்டுட்டாங்கன்னா உங்க வெள்ளை சீலிங் இப்ப பிங்க் சீலிங், எல்லா குழந்தையும் ரோஸ்மில்க் குடிச்ச மாதிரி இருக்கும். பலூன் இல்லாத மூலையாப் பாத்து ஃபிளாஷைத் திருப்புங்க. சுவத்துல அடிக்கும்போதும் அப்படித்தான். இப்பல்லாம் ஹால்ல ஒரு சுவர் மட்டும் பச்சையோ நீலமோ அடிக்கிறாங்கல்ல, அந்த சுவரை விட்டுட்டு எதிர் சுவருக்குப் போங்க.

இன்னொரு நுணுக்கம், நேரா செங்குத்தா மேல அடிச்சா மறுபடியும் கண்ணுக்குக் கீழ நிழல் விழும், ட்யூப்லைட் பண்ற அதே தப்பு தான். ஃபிளாஷ் தலையை கொஞ்சம் பின்னாடி, உங்க தோளுக்கு மேல, இல்ல பக்கவாட்டுல சாய்ச்சு வைங்க, அப்ப சீலிங்கும் சுவரும் சேர்ற இடத்துல பட்டு ஒரு பக்கமா வெளிச்சம் வரும், மூஞ்சில ஒரு வடிவம் கிடைக்கும். பாக்கிறவங்க "சார், ஃபிளாஷ் பின்னாடி திரும்பி இருக்கு"ன்னு கண்டிப்பா சொல்லுவாங்க. தலையாட்டிட்டு எடுங்க. ஃபிளாஷ் மேல மாட்டற வெள்ளை பிளாஸ்டிக் டப்பா பத்தி கேக்கறவங்களுக்கு, கிட்ட வெள்ளை சுவர் சீலிங் இருந்தா அது கொஞ்சம் உதவும், பெரிய ஹால்ல வெளிச்சத்தை நாலு பக்கமும் வீணடிக்கத்தான் செய்யும், அதை விட ஒரு விசிட்டிங் கார்டு சைஸ் வெள்ளை அட்டையை ரப்பர் பேண்டு போட்டு ஃபிளாஷ் பின்னாடி கட்டுனா கண்ணுல ஒரு சின்ன மினுக்கு வரும், செலவு ஒண்ணும் இல்ல.

பாட்டிமாருங்க கேப்பாங்க, "ஏம்ப்பா, பச்சைக் குழந்தை கண்ணுக்கு நேரா லைட் அடிக்கிறியே, ஒண்ணும் ஆகாதா"ன்னு. சாதாரண தூரத்துல அடிக்கிற கேமரா ஃபிளாஷால கண்ணு கெடாது, ஆனா குழந்தை திடுக்குன்னு முழிச்சு அழ ஆரம்பிக்கும், அது நடக்கும். சீலிங்ல அடிச்சா அந்தப் பிரச்சனையும் இல்ல, பாட்டிக்கும் நிம்மதி.

இது சம்மந்தமா ஒண்ணு சொல்லிடணும். நேர் ஃபிளாஷ் அடிச்ச போட்டோல ரெண்டு கண்ணும் சிவப்பா தெரிஞ்சா அது விழித்திரைல இருந்து வர்ற வெளிச்சம், சாதாரணம். ஒரு கண்ணு மட்டும் சிவப்பில்லாம வெள்ளையா, வேற வேற போட்டோலயும் திரும்பத் திரும்ப தெரிஞ்சா அதை எடிட் பண்ணி அழிச்சிட்டு விட்டுடாதீங்க, குழந்தையை கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. பெரும்பாலும் ஃபிளாஷ் பட்ட கோணத்தால இருக்கும், ஆனா ரெட்டினோபிளாஸ்டோமான்னு சின்னக் குழந்தைங்களுக்கு கண்ணுல வர்ற கேன்சர் சில சமயம் முதல்ல இப்படி போட்டோல தான் தெரிய வருது, சீக்கிரம் கண்டுபிடிச்சா நல்லா குணப்படுத்த முடியற ஒண்ணு.

சரி, செட்டிங்குக்கு வருவோம். ஃபிளாஷ் மாட்டிட்டு ஆட்டோலயோ அபெர்ச்சர் மோடுலயோ விடாதீங்க, சில கேமராங்க அபெர்ச்சர் மோடுல ஃபிளாஷ் இருந்தாலும் ரூம் வெளிச்சத்துக்காக ஷட்டரை 1/10க்கு இழுத்துட்டுப் போய்டும், போட்டோல குழந்தையும் இருக்கும் கூடவே அதோட ஆவியும் இருக்கும். மேனுவல் மோடு போடுங்க, பயப்படாதீங்க, மேனுவல் இங்க தான் ஈஸி. ஷட்டர் 1/160 இல்ல 1/200, அபெர்ச்சர் எஃப் 4, ஐஎஸ்ஓ 800, ஃபிளாஷ் டிடிஎல்ல, அதாவது வெளிச்சத்தை அளந்து ஃபிளாஷ் பவரை கேமராவே வச்சுக்கிற மோடுல. அவ்வளவுதான். 1/200 எதுக்குன்னா நிறைய என்ட்ரி லெவல் கேமராவுல ஃபிளாஷோட போகக்கூடிய அதிகபட்சம் அந்த அளவு தான், அதைத் தாண்டினா படத்துல ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும், இல்ல ஹைஸ்பீடு சிங்க்குங்கிற மோடு போட்டு பவரை இழக்கணும். அப்ப 1/200ல ஓடற குழந்தை எப்படி நிக்கும்னு கேக்கலாம். நிக்க வைக்கிறது ஷட்டர் இல்ல, ஃபிளாஷ். குறைஞ்ச பவர்ல ஃபிளாஷ் எரியற நேரம் ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டுக்கும் ரொம்பக் கம்மி, அந்தக் கண நேரத்துல பட்ட வெளிச்சம் தான் படம், அதனால குதிக்கிற பையன் காத்துலயே உறைஞ்சு நிப்பான்.

ஐஎஸ்ஓ 800ன்னு சொன்னதும் "படத்துல புள்ளி புள்ளியா நாய்ஸ் வருமே, ஃபிளாஷ் இருக்கும்போது 100 வைக்கலாமே"ன்னு தோணும். வேணாம். சீலிங்ல அடிச்சு எடுக்கும்போது வெளிச்சம் ரெண்டு ஸ்டாப்புக்கு மேல, அதாவது முக்கால் பங்குக்கு மேலயே போய்டும், ஐஎஸ்ஓ 100ல வச்சா ஃபிளாஷ் ஒவ்வொரு தடவையும் முழு பவர்ல முக்கணும், அடுத்த ஷாட்டுக்கு ரெண்டு மூணு செகண்டு காத்திருக்கணும், அந்த ரெண்டு செகண்டுல தான் குழந்தை கேக்குல மூஞ்சியை முக்கும். 800ல வச்சா எட்டுல ஒரு பங்கு பவர் போதும், படபடன்னு எடுக்கலாம், பேட்டரியும் நிக்கும், சூடாகி ஃபிளாஷ் படுத்துக்காது. இப்ப வர்ற கேமராவுல 800ல எல்லாம் நாய்ஸ் பெருசா தெரியாது. கூடவே ரூம் லைட்டும் கொஞ்சம் படத்துல சேரும், பின்னாடி குகை மாதிரி இருட்டடிக்காது.

டிடிஎல் ஒரு விஷயத்துல மட்டும் ஏமாறும். வெள்ளை பேக்டிராப், வெள்ளை ஃப்ராக், வெள்ளை கேக்குன்னு இருந்தா ஐயோ வெளிச்சம் அதிகம்னு நினைச்சு குறைச்சிடும், நம்ம குழந்தைங்க நிறம் அதுல இன்னும் மங்கிடும். ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டுற ஃபிளாஷ் காம்பன்சேஷனை +0.7, +1 வச்சு ஒண்ணு எடுத்துப் பாத்துட்டு தொடருங்க. மாநிறக் குழந்தையை எடிட்டிங்ல வெள்ளையாக்கித் தர்றது ஒரு வழக்கமாவே ஆகிப்போச்சு நம்ம ஊருல, எனக்கு அது சுத்தமாப் பிடிக்காது, சரியா வெளிச்சம் விழுந்தா அந்த நிறமே அவ்வளவு அழகு.

எந்த ஃபிளாஷ்னா, கோடாக்ஸ் டிடி685 வகையறா போதும், நாலு ஏஏ பேட்டரில ஓடும், தலை எல்லா பக்கமும் திரும்பும், டிடிஎல் இருக்கு. அதுலயே கேனனுக்கு, நிக்கானுக்கு, சோனிக்குன்னு தனித்தனியா வருது, டப்பா மேல பாத்து வாங்குங்க. டிடி600 விலை கம்மி, ஆனா கேமரா மேல வச்சா மேனுவல் மட்டும் தான். பெட்டில ஃபிளாஷோட பலத்தைச் சொல்ற கைடு நம்பர் 60ன்னு போட்டிருக்கிறது ஃபிளாஷ் தலையை 200 எம்எம் ஜூம்ல வச்சு அளந்தது, பார்ட்டில நீங்க வைக்கிற ஜூம்ல அவ்வளவு வராதுன்னு தெரிஞ்சு வச்சுக்குங்க. பேட்டரி கடைல விக்கிற சாதா செல் போடாதீங்க, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் ரெண்டு செட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்லயே கிடைக்கும், வேகமா சார்ஜ் ஏத்திக் குடுக்கும். அப்பா பீரோல ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் ஒண்ணு இருக்கேன்னு அதை எடுத்து மாட்டிடாதீங்க, அதுல சிலதுக்கு கேமராவோட சேர்ற முனையில இருக்கிற டிரிக்கர் வோல்டேஜே இருநூறு வோல்ட்டைத் தாண்டும், டிஜிட்டல் கேமராவோட சர்க்யூட்டு போய்டலாம்.

இப்ப லென்ஸ். ஃபிளாஷ் வந்துட்டா லென்ஸ் தேர்வு ரொம்ப சுலபம், ஏன்னா 1.8, 1.4ன்னு வெளிச்சத்துக்காக ஏங்க வேணாம், ரூம் நீளத்தை மட்டும் பாத்தாப் போதும். ஏபிஎஸ்-சி கேமராவை வச்சே சொல்றேன், நம்மள்ல பாதிப் பேர்கிட்ட அது தானே இருக்கு. மூணு அடி உயரக் குழந்தையை தலையில இருந்து கால் வரைக்கும், மேல கீழ கொஞ்சம் இடம் விட்டு எடுக்கணும்னா 35 எம்எம் லென்ஸுக்கு ஆறு அடி தள்ளி நிக்கணும். 50க்கு ஒன்பது அடி. 85க்கு பதினஞ்சு அடி. உங்க வீட்டு ஹால்ல சோஃபா, டீபாய், கிஃப்ட் குவியல், ரெண்டு மாமா எல்லாத்தையும் தள்ளிட்டு பதினஞ்சு அடி எங்க கிடைக்கும், பால்கனிக்குப் போய்த் தான் நிக்கணும். அப்படியே கிடைச்சாலும் உங்களுக்கும் குழந்தைக்கும் நடுவுல யாராவது ஒருத்தர் சமோசா தட்டோட போய்ட்டே இருப்பாங்க. 85 நல்ல லென்ஸ் தான், அது பார்க்குக்கு, பீச்சுக்கு, காலைல செம்மொழிப் பூங்காவுக்கு.

அதனால ஜூம் ஆகாத பிரைம் லென்ஸ் ஒண்ணே ஒண்ணுன்னா 35 எம்எம். நிக்கானோட ஏபிஎஸ்-சி வரிசையான டிஎக்ஸ்ல 35 1.8 சின்னதா லேசா இருக்கும், 30 சென்டிமீட்டர் கிட்ட வரைக்கும் ஃபோகஸ் ஆகும், குட்டி விரல்ல கிரீம் ஒட்டியிருக்கிறதைக் கூட எடுக்கலாம். கேனன்ல 24 எம்எம் 2.8 பேன்கேக்னு தட்டையான லென்ஸ், அதுவும் அருமை. 50 1.8 எல்லாரும் முதல்ல வாங்கற லென்ஸ், விலை அப்படி, மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா ஏபிஎஸ்-சி கேமராவுல அது 75, 80 எம்எம் மாதிரி நடந்துக்கும், சின்ன ஃபிளாட்டுக்குள்ள முதுகு சுவத்துல இடிச்சிட்டே இருக்கும். பெரிய சென்சார் ஃபுல் ஃபிரேம் கேமரா வச்சிருக்கிறவங்களுக்கு அதே 50 இங்க நல்லா பொருந்தும். நிக்கான்ல பழைய 50 1.8 டி மாடல் செகண்ட்ஹேண்டுல சல்லிசா கிடைக்கும், ஆனா டி3000, டி5000 வரிசை கேமராவுல ஃபோகஸ் மோட்டார் இல்லாததால ஆட்டோஃபோகஸே ஆகாது, ஓடற குழந்தையை கையால திருகி ஃபோகஸ் பண்ண நம்மால ஆகுமா.

குரூப் போட்டோ வரும்போது 35ம் பத்தாது. பத்துப் பசங்க வரிசையா நின்னா ஒரு பத்து அடி அகலம், அதுக்கு 35ல பதினஞ்சு அடி வேணும், 18ல எட்டு அடி போதும். இங்க உங்க கிட் லென்ஸை எடுங்க. ஆமா, எல்லாரும் திட்டற அதே கிட் லென்ஸ் தான், சீலிங் ஃபிளாஷோட 18ல எஃப் 5.6 வச்சு எடுத்தா ஒரு குறையும் சொல்ல முடியாது. ஓரத்துல நிக்கிற குழந்தை தலை மட்டும் இழுத்த மாதிரி ஆகும், அதனால கடைசி ஆளுக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டு எடுங்க. நிஜமா என்னைக் கேட்டா, கிட் லென்ஸ் ப்ளஸ் ஃபிளாஷ், வெறும் 85 1.8ஐ இந்த மாதிரி இடத்துல தூக்கிச் சாப்பிட்டுடும்.

காசு கொஞ்சம் கூட இருந்தா 17-50 எஃப் 2.8 ஜூம், சிக்மாவும் டாம்ரானும் ரெண்டு பேருமே போட்டிருக்காங்க, சோனிக்காரங்களுக்கு டாம்ரான் 17-70 எஃப் 2.8. லென்ஸ் மாத்தற வேலையே இல்ல, அதான் குழந்தைங்க பார்ட்டில பெரிய வசதி. வாங்கணும்னு கூட இல்ல, வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாவுக்கு வாடகைக்கு விடற கடைங்க இருக்கு, ஐடி ப்ரூஃப் அட்வான்ஸ் குடுத்து ஒரு நாளைக்கு எடுத்துக்கலாம், முந்தின நாளே எடுத்து வீட்டுல ஒரு தடவை மாட்டிப் பாத்துடுங்க.

கேக் வெட்டற சமயம் தனிக்கதை. லைட்டை எல்லாம் அணைச்சிடுவாங்க, அப்ப உங்க ஃபிளாஷ் எரிஞ்சா மெழுகுவத்தி வெளிச்சம் செத்துடும். ஊதற வரைக்கும் ஃபிளாஷை ஆஃப் பண்ணிட்டு 35ல 1.8 திறந்து, ஐஎஸ்ஓ 3200, 1/100ல எடுங்க, பெரிய அபெர்ச்சருக்கு உண்மையான வேலை அந்த அரை நிமிஷம் தான். இல்ல ஃபிளாஷ்ல ஆரஞ்சு ஜெல் (கலர் பிளாஸ்டிக் தாள்) ஒட்டி பவரைக் குறைச்சு லேசா விடலாம். ஹால்ல வீடியோக்காரர் இருந்தா அவர் எல்இடி லைட்டை ஆன் பண்ணிடுவார், அவர் பக்கத்துலயே நின்னு எடுத்தா மூஞ்சி தட்டையா இருக்கும், அவருக்கு தொண்ணூறு டிகிரி தள்ளி நில்லுங்க, ஓசில ஒரு சைடு லைட்டு. "அண்ணா, கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்க"ன்னு மரியாதையா கேட்டா பிடிப்பாங்க. அப்புறம் ஸ்னோ ஸ்ப்ரே. மெழுகுவத்தி எரியும்போது அதை அடிக்க விடாதீங்க, அது உள்ள இருக்கிற கேஸ் தீப்பிடிக்கிற கேஸ். போட்டோவுக்கு நல்லா இருக்கும்னு நீங்களே தூண்டி விட்டுடாதீங்க.

மிரர்லெஸ் கேமரா (உள்ள கண்ணாடி இல்லாதது) வச்சிருக்கிறவங்க சத்தம் வரக்கூடாதுன்னு சைலன்ட் ஷட்டர்ல விட்டிருப்பீங்க, அதை மாத்துங்க. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்இடி செகண்டுக்கு நூறு தடவை மினுக்கும், அந்த சைலன்ட் எலக்ட்ரானிக் ஷட்டர்ல அது படம் பூரா பட்டை பட்டையா விழும், நிறைய கேமராவுல அந்த மோடுல ஃபிளாஷும் எரியாது. ஃபிளாஷ் இல்லாம எடுக்கும்போது 1/100 வச்சா மினுக்கல் தொல்லை கம்மி, ஆன்டி ஃபிளிக்கர் ஆப்ஷன் இருந்தா ஆன் பண்ணிடுங்க. ஃபோகஸ் மோடு தொடர் ஃபோகஸ்ல இருக்கட்டும், கண்ணைப் பிடிக்கிற வசதி இருந்தா அதுவும்.

எந்த லென்ஸா இருந்தாலும் கீழ உக்காந்து எடுங்க. நின்னுட்டு எடுத்தா எல்லாக் குழந்தையும் உச்சந்தலையும் மூக்குமா தான் வரும். வேட்டி சட்டை போட்டுட்டு வந்துட்டோமேன்னு பாக்காதீங்க, டைல்ஸ் தரைதானே. கீழ உக்காந்தா இன்னொரு லாபம், சீலிங் இன்னும் ரெண்டு அடி தள்ளிப் போகுது, வெளிச்சம் இன்னும் பரவி விழும்.

முடிஞ்சதும் கேமராவை ஏசி ஹால்ல இருந்து நேரா வெளிய எடுத்துட்டு வராதீங்க, மே மாசத்து சென்னைப் புழுக்கத்துல லென்ஸ் மேல சட்டுனு பனி படியும். பேக்குக்குள்ள வச்சு ஜிப்பை மூடிட்டு வெளிய வந்து ஒரு அரை மணி நேரம் கழிச்சுத் திறங்க. வீட்டுக்கு வந்து ஈரத்தோட பீரோல வச்சுப் பூட்டிட்டீங்கன்னா அடுத்த பர்த்டேக்குள்ள லென்ஸுக்குள்ள பூஞ்சை வலை பின்னியிருக்கும், ஒரு பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல் போட்டு அதுல வைங்க, ஃபிளாஷ்ல இருந்து பேட்டரியைக் கழட்டிட்டு.